வயலில் கிடக்கும் வைக்கோல் கட்டுகளைக் களம் சேர்க்க எந்தக் கருவி வேண்டும்?

சேலம் மாவட்டத்தில் மேட்டூர்க் கால்வாய்ப் பாசனம் பெறும் எடப்பாடி, சங்ககிரிப் பக்கத்து வயல்களிலும், ஆத்தூர், தலைவாசல் பக்கத்துக் கிணற்றுப் பாசன வயல்களிலும் அறுவடை இயந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு போன பின், வைக்கோலைச் சுருட்டிக் கட்டுவதற்குப் பேலர் வந்துவிடுகிறது. பேலருக்கு வாடகை எவ்வளவு, மணிக்கு எத்தனை கட்டு போடும், கயிறு யாருடையது என்பதையெல்லாம் விவசாயிகள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறார்கள். ஆனால் கட்டிப் போட்ட இருநூறு, முந்நூறு கட்டுகளை வயலிலிருந்து களத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பேலர் வயலை விட்டுப் போன பிறகுதான் பலரும் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது ஆள் கிடைப்பதில்லை, ட்ரெய்லர் வேறு ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது, மேற்கே மேகம் கூடுகிறது. இந்த நெருக்கடியைத் தவிர்க்க வேண்டுமானால் கட்டுகளைச் சேகரிக்கும் கருவிகளைப் பற்றிய அடிப்படைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. முதன்முறையாக இதில் இறங்குவோருக்காகவே இந்த விளக்கம்.

முதலில் நம் வயலில் விழும் கட்டு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். நம் பகுதியில் வாடகைக்கு ஓடும் பேலர்களில் பெரும்பாலானவை 35 குதிரைத் திறன் அல்லது அதற்கு மேற்பட்ட டிராக்டரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் சிறிய உருளைப் பேலர்கள். அவை போடும் கட்டு சுமார் 2 அடி விட்டமும் 3 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் கொண்டது. வைக்கோலின் காய்ச்சலையும் கட்டின் இறுக்கத்தையும் பொறுத்து 25 முதல் 35 கிலோ வரை எடை இருக்கும். இன்னொரு வகை சதுரப் பேலர். அது செங்கல்லைப் போன்ற நீள்சதுரக் கட்டுகளைப் போடும். வெளிநாடுகளில் சிறு கட்டுகளைச் சேகரிக்க உருவாக்கப்பட்ட கருவிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நீள்சதுரக் கட்டுக்காகச் செய்யப்பட்டவை. உருளைக் கட்டு உருளும். சதுரக் கட்டு வைத்த இடத்தில் நிற்கும். இந்த ஒரு வேறுபாடு கருவித் தேர்வையே மாற்றிவிடுகிறது. ஆகவே இணையத்தில் ஒரு கருவி வேலை செய்யும் காணொளியைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன், அதில் வரும் கட்டு எந்த வடிவம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு கட்டு வயலில் விழுந்ததிலிருந்து வைக்கோல் போரில் ஏறும் வரை மனிதக் கையால் எத்தனை முறை தூக்கப்படுகிறது? வழக்கமான முறையில் இது நான்கு. தரையிலிருந்து ஒருவர் ட்ரெய்லருக்குத் தூக்கிக் கொடுக்கிறார். மேலே நிற்பவர் அதை வாங்கி அடுக்குகிறார். களத்தில் இன்னொருவர் அதை இறக்குகிறார். கடைசியாக ஒருவர் அதைப் போர் மீது ஏற்றுகிறார். ஐந்து ஏக்கர் வயல், ஏக்கருக்கு 40 கட்டு, கட்டு ஒன்று 30 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 கட்டு, 6 டன் வைக்கோல். நான்கு முறை தூக்கினால் மனித உடல்கள் தூக்கும் மொத்தப் பாரம் 24 டன். அந்த ஐந்து ஏக்கர் வயலில் ஒரே நாளில் மூன்று நான்கு பேரின் முதுகும் தோளும் இதைத்தான் சுமக்கின்றன. ஒரு கருவி இந்த நான்கில் எத்தனையைக் குறைக்கிறது, அல்லது எந்தத் தூக்கலை எளிதாக்குகிறது என்று கேட்டாலே அதன் மதிப்பு தெரிந்துவிடும்.

அடுத்த கணக்கு, ஆண்டுக்கு எத்தனை கட்டுகள் என்பது. சொந்த மாடுகளுக்காக மட்டும் சேர்ப்பவராயின், மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் எனக் கொண்டால், நான்கு மாடுகளுக்கு ஆண்டு முழுவதற்கும் 7,300 கிலோ வேண்டும். அதாவது 30 கிலோக் கட்டுகளில் ஏறத்தாழ 245. பசுந்தீவனமும் சோளத்தட்டும் கிடைக்கும் மாதங்களில் இது குறையும். பத்துப் பதினைந்து மாடுகள் வைத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவருக்கு ஆயிரம் கட்டுகளுக்கு அருகே போகலாம். வைக்கோலை வாங்கி விற்கும் வியாபாரிக்குப் பல ஆயிரம். இந்த மூவருக்கும் ஒரே கருவி பொருந்தாது. கருவியின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளாலும், ஆண்டுக்குக் கையாளும் கட்டுகளாலும் வகுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு லட்ச ரூபாய்க் கருவி பத்து ஆண்டு உழைக்கும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 250 கட்டு சேர்ப்பவருக்குக் கட்டு ஒன்றுக்கு 40 ரூபாய் விழுகிறது; 2,500 கட்டு சேர்ப்பவருக்கு அதே கருவி 4 ரூபாய்தான். பழுது, எண்ணெய், வட்டி ஆகியவை இதற்கு மேல்.

இனி வயலில் நடக்கும் வேலையை நேரத்தோடு பொருத்திப் பார்க்கலாம். மார்கழியில் காலைப் பனி விலகி வைக்கோல் காய்வதற்கே பத்து, பதினொரு மணி ஆகிவிடும். அதற்கு முன் கட்டினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுவிடும். மணிக்கு 40 முதல் 50 கட்டு போடும் பேலர் 200 கட்டு போட்டு முடிக்க மாலை நான்கு மணி ஆகலாம். 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள ட்ரெய்லரில் அடுக்குக்கு 9 கட்டு, நான்கு அடுக்குக்கு 36 கட்டு ஏறும் என்றால் ஆறு நடை ஓட வேண்டும். கட்டு ஒன்றை ஏற்ற அரை நிமிடம், இறக்க அரை நிமிடம் எனக் கொண்டாலும் ஒரு நடைக்கு 36 நிமிடம் அதிலேயே போய்விடும். போக்குவரத்தும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆக, ஆறு மணி நேர வேலை. பேலர் முடித்த பிறகு தொடங்கினால் நள்ளிரவுக்குள் முடிந்தால் பெரிது. எனவே முதல் ஐம்பது கட்டு விழுந்தவுடனேயே ட்ரெய்லர் பேலரின் பின்னால் நுழைந்துவிட வேண்டும். ஓர் இரவுப் பனி இறுக்கமான உருளைக் கட்டின் வெளித்தோலை மட்டுமே நனைக்கும் என்பதால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் வெயிலில் அது காய்ந்துவிடும். மழையும், அடியில் ஈரம் நிற்கும் சேற்று நிலமும்தான் உண்மையான எதிரிகள்.

மேலே சொன்ன 36 கட்டுகளின் எடை 1,080 கிலோதான். சாதாரண ட்ரெய்லர் இதைப் போல மூன்று மடங்கு தாங்கும். வைக்கோலைப் பொறுத்தவரை ட்ரெய்லரின் தாங்குதிறன் ஒரு பொருட்டே அல்ல. இடமும் உயரமும்தான் வரம்பு. ஆகவே புதிய ட்ரெய்லர் வாங்குவதைக் காட்டிலும், இருக்கும் ட்ரெய்லரின் முன்னும் பின்னும் இரும்புக் குழாய்ச் சட்டம் செய்து மாட்டிக்கொள்வதும், பக்கப் பலகைகளைக் கழற்றி வைக்கும்படி மாற்றிக்கொள்வதும் மிகுந்த பலன் தரும். உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே இதைச் செய்துகொள்ளலாம். சட்டம் இருந்தால் உருளைக் கட்டுகள் ஓட்டத்தில் நழுவாது. பாரத்தின் மேல் மட்டம் மின்கம்பிகளுக்கு எட்டாத உயரத்தில் நின்றுவிட வேண்டும் என்பதில் எந்தச் சலுகையும் கூடாது. தாழ்வாகத் தொங்கும் கம்பியில் உரசி வைக்கோல் வண்டி தீப்பற்றி எரிவது தமிழ்நாட்டில் அறுவடைக் காலம் தவறாமல் கேள்விப்படும் செய்தி. வயலுக்கும் களத்துக்கும் இடையிலான வழியில் எங்கெல்லாம் கம்பி குறுக்கிடுகிறது என்று முதல் நாளே நடந்து பார்த்துவிடுவது நல்லது.

கைக்கருவிகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 250 கட்டுக்குள் சேர்ப்பவருக்கு இவையே போதும். தடித்த கையுறை, பிடி வைத்த இரும்புக் கொக்கி, மூட்டை தள்ளும் இருசக்கரத் தள்ளுவண்டி ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். உருளைக் கட்டைக் கயிற்றில் விரலை நுழைத்துத் தூக்கினால் கயிறு ஓரத்துக்கு நழுவிக் கட்டு குலைந்துவிடும், விரலும் அறுபடும். ஒருவர் கட்டின் இரு முனைகளிலும் கையை அகல வைத்து முழங்காலால் உந்திச் சாய்வாக நிமிர்த்த, மேலே இருப்பவர் கொக்கியை வைக்கோலின் உடம்பில் ஆழமாகக் குத்தி இழுத்துக்கொள்வதே சரியான முறை. ட்ரெய்லரின் பின்புறத்தில் இரண்டு மரப் பலகைகளைச் சரிவாகச் சாய்த்து வைத்து, அவற்றின் மீது உருளைக் கட்டை உருட்டி ஏற்றும் வழியும் உண்டு. தூக்குவதைத் தள்ளுவதாக மாற்றிவிடும் இந்த எளிய ஏற்பாடு முதல் தூக்கலின் சுமையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. சதுரக் கட்டுக்கு இது கைகொடுக்காது.

ஓரளவு செலவு செய்யத் தயாராக இருப்பவருக்கு என் முதல் பரிந்துரை, போர் போடும் இடத்தில் நிறுத்தும் கன்வேயர். சாய்வான நீண்ட சட்டத்தில் சங்கிலி ஓடும். சங்கிலியில் உள்ள பற்கள் கட்டைப் பிடித்து மேலே கொண்டுபோகும். ஒன்று அல்லது இரண்டு குதிரைத் திறன் மோட்டாரே இதற்குப் போதும். நான்கு தூக்கல்களில் கடைசித் தூக்கல்தான் மிகவும் கடினமானது, ஏனென்றால் அது மாலையில், களைத்த உடம்போடு, தலைக்கு மேல் நடக்கிறது. விழுந்து அடிபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். கன்வேயர் அந்தத் தூக்கலை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது; ட்ரெய்லரின் பின்முனையை அதன் அடியோடு ஒட்டி நிறுத்திவிட்டால் இறக்குவதும் வெறும் தள்ளுதலாகிவிடும். வயல் சிறிதா பெரிதா, வரப்பு உண்டா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. கட்டு எந்த வடிவமாக இருந்தாலும், பக்கத் தடுப்பு இருந்தால் உருளையையும் அது ஏற்றிவிடும். அறுவடை இல்லாத மாதங்களில் நெல் மூட்டையையும் மக்காச்சோள மூட்டையையும் ஏற்றப் பயன்படும். பழையது வாங்குவதானால் சங்கிலியின் தேய்மானம், பற்களின் வளைவு, மோட்டாரின் நில இணைப்பு (எர்த்) ஆகிய மூன்றையும் கையால் தொட்டு, ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் மேல் மூடி இல்லாத கன்வேயரை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

டிராக்டரின் முன்புறம் பொருத்தும் லோடர் இதற்கு அடுத்த படி. அதன் முனையில் ஈட்டி போன்ற கம்பிகளையோ, கட்டுகளைக் கவ்விப் பிடிக்கும் கவ்வியையோ மாட்டலாம். ஒரே நேரத்தில் பல கட்டுகளைத் தூக்கி ட்ரெய்லரில் வைக்கும் என்பதால் முதல் தூக்கலும் மூன்றாம் தூக்கலும் மறைந்துவிடுகின்றன. ஆனால் லோடர் கட்டுகளைத் தூக்குமே தவிர, சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்க்காது. ஏக்கருக்கு 40 கட்டு என்றால் நூறு சதுர மீட்டருக்கு ஒரு கட்டு. அதாவது கட்டுக்கும் கட்டுக்கும் இடையே ஏறத்தாழ பத்து மீட்டர். ஒவ்வொன்றாக ஓடிப் பொறுக்கினால் டீசலும் நேரமும்தான் செலவாகும். லோடர் பயன் தர வேண்டுமானால் கட்டுகள் முன்பே எட்டுப் பத்தாகக் குவிந்திருக்க வேண்டும். தவிர, முன்புறம் பாரம் ஏறும்போது டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடி தளராதிருக்கப் பின்னால் எடை கட்ட வேண்டும். டிராக்டரின் ஹைட்ராலிக் இணைப்பு லோடருக்குப் பொருந்துமா என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் குவியல் வேலையைச் செய்வதற்காகவே மேலைநாடுகளில் அக்குமுலேட்டர் என்ற கருவி வந்தது. பேலரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் இது, விழும் சதுரக் கட்டுகளை எட்டாகவோ பத்தாகவோ ஒரே தளமாக அடுக்கி, நிறைந்தவுடன் மொத்தமாக வயலில் இறக்கிவிடும். பின்னால் வரும் லோடரின் கவ்வி அந்த எட்டையும் ஒரே மூச்சில் தூக்கிக்கொள்ளும். இதற்கும் மேலே, வயலில் ஓடிக்கொண்டே சதுரக் கட்டுகளைத் தானாகப் பொறுக்கி, தன் மீதே அடுக்கி, களத்தில் முழுப் போராக நிறுத்திவிடும் தானியங்கி வண்டிகளும் உண்டு. ஓட்டுநர் ஒருவரே முழு வேலையையும் முடித்துவிடுவார். பார்ப்பதற்கு மனம் மயங்கும் பொறியியல்தான். ஆனால் இவை மூன்று நிபந்தனைகளைக் கேட்கின்றன: கட்டு சதுரமாக இருக்க வேண்டும், நிலம் வரப்பின்றி நீண்டு கிடக்க வேண்டும், ஆண்டுக்குப் பல ஆயிரம் கட்டுகள் சேர வேண்டும். அரை ஏக்கருக்கு ஒரு வரப்பு குறுக்கிடும் நம் நெல் வயலில், பேலரே வரப்பைத் தாண்டத் திணறும்போது அதன் பின்னால் இன்னொரு கருவியை இழுப்பது நடக்காத காரியம். மானாவாரி மேட்டு நிலத்தில் அகலமாகத் தீவனப் புல் வளர்த்து, சதுரப் பேலரும் வைத்திருக்கும் பண்ணைக்கு மட்டும் இவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

நம் வயலுக்கு இதைவிட மலிவான ஒரு வழி இருக்கிறது. உருளைப் பேலர் ஒரு கட்டு நிறைந்ததும் நின்று, கயிற்றைச் சுற்றி, பின்கதவைத் திறந்து கட்டை வெளியே தள்ளும். கயிறு சுற்றி முடிந்த கட்டைச் சில மீட்டர் முன்னே கொண்டுபோய் இறக்குவது ஓட்டுநரின் கையில்தான் இருக்கிறது. வயலில் போய்வரும் ஒவ்வொரு சாலிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கட்டுகளை இறக்கினால் வயலின் குறுக்கே அவை ஒரு வரிசையாக அமைந்துவிடும். ட்ரெய்லர் அந்த ஒரே வரிசையில் ஓடினால் போதும். வாடகை பேசும்போதே ஓட்டுநரிடம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூடுதலாகச் சில நிமிடம் ஆகும் என்று அவர் தயங்கினால், அதற்கு ஒரு தொகை சேர்த்துக் கொடுப்பதுகூட லாபம்தான்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் சரிவான நிலம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 30 கிலோ உருளை சரிவில் ஓடத் தொடங்கினால் அதைக் கையால் நிறுத்த முயலக் கூடாது. பின்கதவு திறக்கும் முன் டிராக்டரைத் திருப்பி, கட்டு சரிவின் போக்கில் உருளாதபடி அதன் தட்டையான முகம் பள்ளத்தைப் பார்க்குமாறு இறக்கச் சொல்ல வேண்டும். முன் லோடரைச் சரிவில் உயர்த்தி ஓட்டுவது டிராக்டரையே கவிழ்த்துவிடக் கூடியது என்பதால் அங்கே அது வேண்டவே வேண்டாம். மேலே ஏற்காட்டுப் பக்கத்து ஊர்களில் மாடு வைத்திருப்போருக்கு வைக்கோல் கீழிருந்துதான் போக வேண்டும். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. உயரமாகப் பாரம் ஏற்றிய ட்ரெய்லருக்கு அந்தச் சாலை உகந்ததன்று. குட்டியானை போன்ற சிறு வண்டியில் தாழ்வாக ஏற்றி, வலையோ தார்ப்பாயோ போட்டு இறுகக் கட்டி, கூடுதலாக ஒரு நடை போவதே பாதுகாப்பு.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது; தமிழக அரசின் உழவன் கைபேசிச் செயலி வழியாகவும் விசாரிக்கலாம். வாங்குவதென்றே முடிவானால், மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், அதன் பட்டியலில் உள்ள கருவிகளுக்குப் பொதுவாக 40 சதவீதமும், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும் வரம்புக்கு உட்பட்ட மானியம் உண்டு. நீங்கள் நினைக்கும் கருவியும் மாடலும் பட்டியலில் உள்ளனவா என்பதைத் துறை அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பக்கத்து நிலத்தார் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கன்வேயர் வாங்கிக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒவ்வொருவரும் அதை ஆண்டுக்கு ஓரிரு நாள்தான் பயன்படுத்தப் போகிறார்கள்.

எந்தக் கருவி வந்தாலும், ஈரக் கட்டைக் காய்ந்த கட்டாக அது மாற்றித் தராது. வைக்கோலை ஒரு பிடி எடுத்து முறுக்கினால் மொறுமொறுவென்று முறிய வேண்டும். துவண்டு கயிறு போல முறுகினால் அன்று கட்டக் கூடாது. ஈரத்தோடு போரில் ஏறிய கட்டுகளில் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், முற்றினால் தானாகவே தீப்பற்றும். போர் போட்ட முதல் சில வாரங்களுக்கு நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை நடுவரை செருகி, சில நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் போரைப் பிரிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பிரிக்கும்போது காற்றுப் பட்டுத் தீ கிளம்பலாம் என்பதால் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, வேண்டுமானால் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டே கை வைக்க வேண்டும். போரின் அடியில் கருங்கல்லோ பனந்துண்டோ போட்டுத் தரையிலிருந்து உயர்த்தினால் ஈரமும் கரையானும் ஏறாது. உருளைக் கட்டுகளின் அடி வரிசைக்கு இருபுறமும் முட்டு கொடுக்காமல் மேலே அடுக்கக் கூடாது.

பேலரோ கன்வேயரோ ஓடும்போது அருகில் நிற்பவர்கள் துண்டையும் சேலைத் தலைப்பையும் இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். டிராக்டரிலிருந்து பேலருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும். துணியின் ஒரு முனை சிக்கினால் ஆளை இழுக்க அதற்கு ஒரு நொடி போதும். அடைத்துக்கொண்ட வைக்கோலை எடுக்க வேண்டுமானால் இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே அருகில் போக வேண்டும்.

கயிற்றையும் கருவியோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் கயிறு உறுதியானது. கொக்கிக்கும் லோடருக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் துண்டுகள் வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் தங்கி, உயிருக்கே கேடாகும். சணல் கயிறு அந்த ஆபத்தைக் குறைத்தாலும், பலமுறை கைமாறினாலோ நனைந்தாலோ அறுந்துவிடும். சொந்த மாட்டுக்கென்று ஓரிரு நடையில் களம் சேர்ப்பவர் சணலையே கேட்டு வாங்கலாம். பிளாஸ்டிக்கைத்தான் பயன்படுத்த நேர்ந்தால், கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் கயிற்றை ஒரே இடத்தில் வெட்டி, முழு நீளமாக உருவி, தொட்டிக்கு அருகே தொங்கவிட்ட சாக்கில் போட்டுவிட வேண்டும்.